இன்னும் இருவரைத் தேர்ந்தெடுக்கலாம்

ஸ்டோனிஃபோர்ட் நகராட்சிக் கட்டடத்தின் நடைவழியில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. அதன் உச்சியில் மூன்று பெயர்கள். அமெரிக்கா புதிய நாடாக இருந்த காலத்தில் ஊர்க்காரர்கள் ஒரு சாராய விடுதியில் கூடி, கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்த முதல் மூன்று கமிஷனர்கள் அவர்கள். ஒருவர் வரிக்கு, ஒருவர் காவலுக்கு, ஒருவர் பாதைக்கும் பாலத்துக்கும். விடுதி இடிந்துபோய் அந்த இடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கும் வெஸ்ட் வின்ட்சருக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்ன ஊரை இன்றும் மூன்றே பேர்தான் ஆளுகிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை மே மாதத்தில் தேர்தல். கட்சி கிடையாது, வார்டு கிடையாது. நிற்பவர்களில் அதிக ஓட்டு வாங்கிய முதல் மூவருக்கு நாற்காலி.

சாந்தாமணி அந்தப் பலகையை முதன்முதலில் நின்று படித்தது, தன் வீட்டு பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வாரத்தில்தான்.

உடுமலைப்பேட்டையில் கணக்கு பட்டம் படித்தவர். கல்யாணமாகி, கணவர் கோபாலசாமியோடு நியூ ஜெர்சி வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பார்சிப்பனியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. திரையில் எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் புரோகிராம் படுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிப்பதுதான் அதில் பாதி. அலுவலகத்தில் அவரை யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. அவர் பார்த்து அனுப்பியதை யாரும் திருப்பி அனுப்பியதும் இல்லை. நாற்பத்தொன்பது வயது வரை அவரைப் பற்றி எழுத வேறெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் வீடு மில் கிரீக் டவுன்ஹோம்ஸில் இருந்தது. ஊரின் தாழ்ந்த பக்கம். மேட்டில் பழைய வீடுகள், பழைய குடும்பங்கள். பள்ளத்தில் புது வீடுகள், அவற்றில் பெரும்பாலும் நம்மவர்கள். இரண்டுக்கும் நடுவே மில் ரோடு. ரோட்டுக்கு அடியில் ஓடையைக் கடத்திவிட ஒரு குழாய். ஊரில் ஆயிரம் பேர் இருந்தபோது பதித்த குழாய் அது. பெருமழை பெய்தால் ஓடை அதற்குள் நுழைய முடியாமல் திரும்பி டவுன்ஹோம்களுக்குள் வரும்.

குழாயை மாற்றச் சொல்லி சாந்தாமணி மாதாமாதம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். மேஜைமேல் சமையலறையில் வைக்கும் டைமர் ஒன்று இருக்கும். அது மணியடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் உட்கார வேண்டும். பாதைக்கும் பாலத்துக்கும் பொறுப்பான கமிஷனர் வால்டர் ஹென்னிங். எழுபதைத் தாண்டியவர், மேட்டு வீட்டுக்காரர், ஐந்து முறை ஜெயித்தவர். ஒவ்வொரு முறையும் "நன்றி, மேடம். அது மாநில அரசின் கையில் இருக்கிறது" என்பார். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு பிப்ரவரி மாலை மணி அடித்த பிறகும் சாந்தாமணி உட்காராமல் நின்றபோது, "அவ்வளவு சுலபம் என்று தோன்றினால் நீங்களே தேர்தலில் நின்று பாருங்களேன்" என்றார் வால்டர். கூடம் சிரித்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபடியே சொன்னார்:

"ஏனுங்க, நான் எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன்."

கோபாலசாமி தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எந்த எலெக்‌ஷன்? தமிழ்ச் சங்கமா? அங்கெல்லாம் நமக்கு வேண்டாம் சாமி, அடிச்சுக்குவாங்க."

"ஊருக்குங்க. கமிஷனருக்கு."

"இந்த ஊருக்கா?"

"பின்ன உடுமலைப்பேட்டைக்கா?"

அவர் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மனைவியை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "நான் ஓட்டுக்கூடப் போட முடியாதே சாந்தா" என்றார்.

உண்மைதான். சாந்தாமணி சிட்டிசன்ஷிப் வாங்கி ஆறு வருடமாகியிருந்தது. கோபாலசாமி இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாமல் கிரீன் கார்டிலேயே இருந்தார். வேறு ஊரில் காலேஜில் படிக்கும் மகள் ரோஷினி ஃபோனில் கேட்டுவிட்டு, "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஓகே, ஃப்ளையர்ஸ் நான் பண்றேன்" என்றாள். அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசியதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

மொத்தம் ஐந்து பேர் நின்றார்கள். வரியைப் பார்த்துவந்த அம்மாளும், காவலைப் பார்த்துவந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரரும் மறுபடி ஜெயிப்பது உறுதி என்று ஊரே சொன்னது. மூன்றாவது இடத்துக்கு வால்டர், சாந்தாமணி, பழைய மில் நிலத்தில் அடுக்குமாடி கட்டக் காத்திருந்த ஒரு வீட்டுமனைத் தரகர்.

வார இறுதிகளில் சாந்தாமணி மேட்டுக்கும் ஏறினார். கதவைத் தட்டினார். சர்ச்சிலிருந்து வந்திருப்பதாக நினைத்து ஒருவர் கதவைச் சாத்தினார். உங்கள் ஆங்கிலம் நன்றாயிருக்கிறது என்று இன்னொருவர் பாராட்டினார். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர், தன் வீட்டு முன்னால் இருக்கும் சாக்கடை மூடி எப்படி உடைந்தது என்று வெகுநேரம் சொன்னார். சாந்தாமணி டைமர் எதுவும் வைக்காமல் கேட்டுக்கொண்டார். இதை அவர் உத்தியாகச் செய்ததாகச் சொல்ல முடியாது. உடைந்த மூடியைப் பற்றிக் கேட்பது அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு டவுன்ஹோம்ஸ் கிளப் ஹவுஸில் கூட்டம். பக்கத்து வீட்டு நெடுஞ்செழியன் பலகையில் மார்க்கரால் படம் போட்டார். டேட்டா ஆர்க்கிடெக்ட், எதையும் படம் போடாமல் சொல்லமாட்டார்.

"பாருங்க, சிம்பிள். பேலட்ல மூணு பேர் வரைக்கும் போடலாம். நாம சாந்தா அக்காவுக்கு மட்டும் போடுறோம். மத்த ரெண்டையும் பிளாங்கா விடுறோம். ஏன்னா நாம யாருக்கு ரெண்டாவது ஓட்டுப் போட்டாலும் அது அக்காவோட காம்பெடிட்டருக்குத்தான் போகும். டாப் த்ரீதானே கணக்கு? புரிஞ்சுதா?"

மகன் வீட்டோடு இருக்கும் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கையை உயர்த்தினார். மயிலாப்பூர்க்காரர், சிட்டிசன். "மூணு கேள்விக்குப் பதில் எழுதுன்னா ஒண்ணை எழுதிட்டு வரதா? மொத்தமும் செல்லாம போயிடாதோ?"

"செல்லும் ஆன்ட்டி. அப் டு த்ரீ."

"பதில் தெரியலேன்னாக்கூட எதையாவது எழுதிட்டு வான்னுதான் எங்க வாத்தியார் சொல்லுவார்."

"இது பரீட்சை இல்ல ஆன்ட்டி!"

"எல்லாம் பரீட்சைதான்டாப்பா."

பின்னாலிருந்து ஒருவர், "ஹெச்ஒன்பில இருக்கிறவங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டார். "நீங்க கை தட்டுங்க பாஸ், அதுக்கு விசா வேண்டாம்" என்றார் நெடுஞ்செழியன். கோபாலசாமிதான் முதலில் கை தட்டினார்.

செவ்வாய்க்கிழமை. சாந்தாமணி வேலைக்குப் போகும் முன்பே தீயணைப்பு நிலையத்தில் இருந்த வாக்குச்சாவடிக்குப் போனார். திரையில் தன் பெயரைத் தொட்டார். அது பச்சையானது. முடித்துவிட்டு வெளியேறும் பொத்தானை அழுத்தியதும், மெஷின் ஒரு மஞ்சள் கட்டத்தைக் காட்டியது: நீங்கள் இன்னும் இருவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

நெடுஞ்செழியன் போட்ட படம் நினைவுக்கு வந்தது. அதில் தப்பு எதுவும் இல்லை. கணக்கு படித்தவருக்கு அது தெரியாதா? ஆனாலும் விரல் நகரவில்லை. ஊரை ஆள மூன்று பேர் வேண்டும். அந்த மூவரும் யாராக இருக்க வேண்டும் என்று அல்லவா கேட்கிறார்கள்? தான் ஒருத்தி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனால், மிச்ச இரண்டு நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்று ஆகிறது. தரகர் உட்கார்ந்தாலுமா? வரியைப் பார்க்கும் அம்மாளின் பெயரைத் தொட்டார். பிறகு வால்டர். அந்த மனிதரை அவருக்குப் பிடிக்காது. ஆனால் பனி கொட்டும் நாட்களில், ஊழியர்கள் வந்து சேருவதற்கு முன், தன் சொந்த டிரக்கின் முன்னால் பனித்தள்ளியைக் கட்டிக்கொண்டு பள்ளத்துத் தெருக்களிலும் பனியைத் தள்ளிவிட்டுப் போவது வால்டர்தான். ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார். வால்டர் பெயரையும் தொட்டார். மஞ்சள் கட்டம் மறைந்தது.

அது கொள்கையா, காலிக் கட்டத்தைக் காலியாக விட முடியாத ஒரு வாழ்நாள் பழக்கமா என்று அவருக்கே தெரியாது. நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் நடக்கின்றன. காரணத்தைப் பிறகுதான் தேடிக்கொள்கிறோம்.

இரவு எண்ணி முடித்தார்கள். வரி அம்மாளும் போலீஸ்காரரும் எதிர்பார்த்தபடியே ஜெயித்தார்கள். தரகர் கடைசி. மூன்றாவது இடத்தில் இரண்டு பேர்: வால்டர் ஹென்னிங், சாந்தாமணி கோபாலசாமி. ஒரே எண்ணிக்கை. மறுபடி எண்ணினார்கள். அதே எண்ணிக்கை. குலுக்கல் கிடையாது, அந்த ஒரு நாற்காலிக்கு இருவருக்குள் ஜூனில் மறுதேர்தல் என்று தேர்தலை நடத்திய நகராட்சி கிளார்க் அறிவித்தார்.

மறுநாள் கிளப் ஹவுஸ் கொதித்தது. ஒரே ஒரு ஓட்டு. அதை யார் விழுங்கினார்கள் என்று ஆள் தேடியதில் சபரிநாதன் அகப்பட்டான். போன வருடம்தான் சிட்டிசனானவன், தனிக்கட்டை, சாந்தாமணியின் ஆபீஸ் கட்டடத்திலேயே வேறு கம்பெனியில் வேலை. தேர்தலன்று மாலை வரும் வழியில் ஹைவேயில் ஏதோ ஆக்சிடென்ட். அவன் வந்து சேர்ந்தபோது சாவடி மூடிவிட்டது.

"காலைலயே போட்டுட்டுப் போறதுக்கு என்னப்பா?" என்றார் ஒருவர்.

"ஆறு மணிக்கு மீட்டிங் சார், ஆஃப்ஷோர் டீம்…"

"ஆமா, ஆஃப்ஷோர் டீம் வந்து உன் பேஸ்மென்ட்ல தண்ணி இறைப்பாங்க பாரு!"

"விடுங்க, தூங்கிருப்பான்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். சபரிநாதனின் காது சிவந்துவிட்டது. அவன் கையில் இருந்த டீக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான்.

சாந்தாமணி எழுந்தார். "அந்தப் பையனை விடுங்க. ஒரு ஓட்டு போனது என்னாலதான். நான் வால்டருக்கும் போட்டேன்."

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றீங்க?" என்றார் நெடுஞ்செழியன்.

"மூணு பேருக்கும் போட்டேன். அவரும் ஒருத்தரு."

"அக்கா, நான் படம் போட்டுக் காட்டினேனே! உங்க ஓட்டையே அவனுக்கா? நீங்க அவனுக்குப் போடாம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க கமிஷனர்!"

"தெரியும். ஆனா அந்தாளு வேலை செய்யற ஆளு. அவர் வரக்கூடாதுன்னு நான் நினைக்கலை. நான் வரணும்னுதான் நினைச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"எனக்கு அப்படித் தோணலைங்க தம்பி."

நெடுஞ்செழியன் மார்க்கரை மேஜைமேல் போட்டார். "அப்ப நாங்க எதுக்கு வெயில்ல அலையணும்? நான் அவுட்."

அப்போது ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கையைத் தூக்கினார். "நானும் மூணும் போட்டேன்" என்றார். பின்வரிசையில் இன்னொரு கை. அப்புறம் இரண்டு. கடைசியாக, தயங்கித் தயங்கி, நெடுஞ்செழியனின் மனைவி தாமரைச்செல்வி.

"நீயுமா?"

"அந்த மெஷின் கேட்டுச்சுங்க. இன்னும் ரெண்டு பேரு இன்னும் ரெண்டு பேருன்னு. கேட்டா பதில் சொல்லாம எப்படி வர்றது?"

சபரிநாதன்தான் முதலில் சிரித்தான். நெடுஞ்செழியன் சிரிக்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் கோபாலசாமி விடவில்லை. "ஊர்ல எவனாவது தனக்கு எதிரா நிக்கிறவனுக்கு ஓட்டுப் போடுவானா? சொந்த ஓட்டு!"

"நீங்க அந்தப் பாஸ்போர்ட்டைப் புடிச்சுத் தொங்காம இருந்திருந்தா இந்த வீட்டுல ரெண்டு ஓட்டு இருந்திருக்கும்."

"போச்சாது விடு" என்று சொல்லிவிட்டுக் கோபாலசாமி துணி மடிக்கப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட செய்தி ஒரு ஊரில் எங்கே நிற்கும்? இரண்டு நாளில் மேட்டுக்கு ஏறிவிட்டது. சனிக்கிழமை காலை வாசலில் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. வால்டர் இறங்கினார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. படியிலேயே நின்று, கேள்விப்பட்டது உண்மையா என்று கேட்டார்.

உண்மைதான் என்றார் சாந்தாமணி.

ஏன்?

"பனி பெய்தால் வருகிறீர்கள். அதனால்."

வால்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். தான் சாந்தாமணிக்குப் போடவில்லை என்றார். தெரியும் என்றார் சாந்தாமணி. இத்தனை தேர்தலிலும் தன் பெயர் ஒன்றைத் தவிர வேறு பெயருக்குத் தான் போட்டதே இல்லை, மிச்சத்தைக் காலியாகத்தான் விடுவது வழக்கம் என்றார் வால்டர். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பிறகு, "ஜூனில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை" என்றார்.

"விட்டுக்கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்" என்றார் சாந்தாமணி.

அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தெருத்தெருவாகத் தன் பெயர் எழுதிய அட்டைகளை நட்டார். சாந்தாமணியும் வேலை முடிந்து வந்து இருட்டும்வரை நடந்தார். கால் வீங்கியது. அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் குழாய்க்கு அருகில் போய் ஒரு முறை நின்று பாருங்கள். சிலர் போய்ப் பார்த்தார்கள். கடைசி வாரத்தில் நெடுஞ்செழியன் திரும்பி வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "ஒரே சீட்டு, ஒரே ஓட்டு. இந்தத் தடவை பிளாங்க் பிராப்ளம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு பெரியவர்களைச் சாவடிக்கு ஏற்றிப்போனார். சபரிநாதன் அன்று லீவு போட்டான். சாவடி திறப்பதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றான்.

சாந்தாமணி ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் உட்காரவைக்கக்கூடிய ஓட்டுகள். அவர் வால்டருக்குப் போட்ட கதையைக் கேட்டு மேட்டுக்காரர்கள் மனம் மாறினார்கள் என்று டவுன்ஹோம்ஸில் சொல்லிக்கொள்கிறார்கள். வால்டருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தவர்கள்தான் மாற்றினார்கள் என்று மேட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். ஓட்டுக்குக் காரணம் எழுத இடம் கிடையாது. நேர்மைக்குப் பரிசு கிடைத்தது என்று சொல்வது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை அவர் செய்தது செய்ததுதான். அதற்குமேல் ஒரு மனுஷியைப் புகழ வேண்டிய தேவை இல்லை.

ஜூலை முதல் தேதி பதவியேற்றார். வால்டர் முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் வந்து, பராமரிப்புக் கிடங்கின் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்து, பெரிய சாவி மழைநாளில் சிக்கும், இடதுபக்கம் கொஞ்சம் தூக்கித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். குழாய் மாற ஒன்றரை வருடம் ஆயிற்று. மாநில அரசைப் பற்றி வால்டர் சொன்னதில் பாதி உண்மை என்று சாந்தாமணி ஒப்புக்கொண்டார். மிச்சப் பாதிக்கு மாநில அலுவலகத்தை விடாமல் ஃபோனில் நச்சரிக்க வேண்டியிருந்தது.

அது பிறகு. பதவியேற்ற பின் நடந்த முதல் கூட்டத்தில், பொதுமக்கள் பேசலாம் என்று அறிவித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மைக்குக்கு வந்தார். ஓட்டுப் போடத்தான் சிட்டிசன்ஷிப் வேண்டும். பேச ஊரில் குடியிருந்தால் போதும். பெயர் கோபாலசாமி, மில் கிரீக் டவுன்ஹோம்ஸ் என்றார். ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாயைப் பற்றித் தொடங்கினார். தண்ணீர் எந்தப் பக்கமாக வந்தது, எந்தப் பெட்டி மிதந்தது, அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று விரித்தார். பிறகு பேச்சு எப்படியோ திசைமாறி, கமிஷனர் சாந்தாமணி என்பவர் எவ்வளவு பிடிவாதக்காரர், அவரோடு குடித்தனம் செய்வது எவ்வளவு கஷ்டம், அவர் இந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது தனக்கு எப்படி இருக்கிறது என்ற இடத்தில் வந்து நின்றது.

டைமர் மணியடித்தது.

சாந்தாமணி மைக்கை இழுத்தார். "நன்றி, சார். உங்கள் நேரம் முடிந்தது."

"ஒரே ஒரு பாயிண்ட் சாந்தா—"

"உட்காருங்க."

கூடம் சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

வெளியே வரும்போது நடைவழியில் கோபாலசாமி பலகையின் முன் நின்றார். கடைசியில் புதிதாகச் செதுக்கிய பெயர். அதில் அவருடைய பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"அடுத்த எலெக்‌ஷன் எப்ப?"

"நாலு வருஷம் இருக்குதுங்க."

"இப்ப அப்ளை பண்ணினா அதுக்குள்ள எனக்கு சிட்டிசன்ஷிப் வந்துருமா?"

"வந்துரும். ஆனா மூணு பேருக்கும் போடணும்."

"அது அப்பப் பாத்துக்கலாம்" என்றார் கோபாலசாமி. மனைவியின் கையிலிருந்த கிடங்குச் சாவிக்கொத்தைத் தான் வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.